பற்சிப்பியில் பதிந்த மேய்ச்சல்: அரப்பா கால குஜராத்தின் கால்நடை வளர்ப்பும் நிலைத்த ஐசோடோப்பு ஆய்வும்

1. கேள்வி

குஜராத்தின் அரப்பா காலக் குடியிருப்புகளைத் தோண்டும்போது மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி ஆகியவற்றின் எலும்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இவற்றை வளர்த்தவர்கள் யார், எங்கே மேய்த்தார்கள்? இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதற்குச் சொல்லப்பட்ட விடைகளில் இடம்பெயரும் மந்தையாளர்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. கிரிகோரி போசல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சௌராஷ்டிரத்தின் சிறிய, மெல்லிய படிவுகொண்ட சில தொல்லிடங்களை இடையர் தங்கல்களாகக் கண்டார்கள். இன்றும் அதே நிலத்தில் ரபாரி, பர்வாட் சமூகத்தார் மந்தையோடு நடந்துகொண்டிருப்பது அந்த எண்ணத்துக்கு வலுவூட்டியது. உழுபவர் ஊரில் இருந்தார், மேய்ப்பவர் ஊருக்கு வெளியே நடந்தார், இருவரும் தானியத்தையும் நெய்யையும் மாற்றிக்கொண்டார்கள் என்பது அந்தச் சித்திரம்.

எலும்பை மட்டும் வைத்து இதைச் சோதிக்க வழியில்லை. விலங்கின் இனம், இறந்த வயது, சில வேளை பாலினம், வெட்டுத் தழும்பு ஆகியவற்றை எலும்பு சொல்லும். அதாவது விலங்கின் சாவைப் பற்றி நிறையச் சொல்லும். அது எந்த மாதத்தில் எந்தத் தீவனத்தைத் தின்றது, எந்த மண்ணில் நடந்தது என்பதைச் சொல்லாது. மேய்ச்சல் என்பதோ முழுக்க முழுக்க உயிரோடிருந்த காலத்தின் செய்தி. அந்தக் காலத்தை மீட்டுத் தருவதுதான் ஐசோடோப்பு ஆய்வு. குஜராத்தின் பற்கள் தரும் சான்றில், உழவரும் இடையரும் தனித்தனிக் கூட்டத்தார் என்ற பழைய சித்திரம் நிலைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தச் சான்று எந்த இடத்தில் உறுதியானது, எந்த இடத்தில் ஊகத்தின் மேல் நிற்கிறது என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

2. பல் ஏன் சாட்சியாகிறது

உயிருள்ள உடலில் எலும்பு தன்னைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொள்கிறது. ஆகவே ஓர் எலும்புத் துண்டைச் சோதித்தால் பல ஆண்டு உணவின் சராசரிதான் கிடைக்கும். பற்சிப்பி என்கிற எனாமல் அப்படியல்ல. ஒருமுறை உருவானபின் அது மாறுவதில்லை. மாட்டின் இரண்டாம் கடைவாய்ப் பல்லின் முடிப்பகுதி ஏறத்தாழ முதல் வயதிலும், மூன்றாம் கடைவாய்ப் பல் இரண்டாம் வயதிலும் உருவாகின்றன. முதலில் அரைக்கும் முனை, கடைசியில் ஈறை ஒட்டிய கழுத்து. மாடு, ஆடுகளின் கடைவாய்ப் பற்கள் உயரமானவை என்பதால் ஓராண்டுக் காலம் சில சென்டிமீட்டர் நீளத்தில் விரிந்து கிடக்கிறது.

ஆய்வாளர் செய்வது இதுதான்: பல்லின் மேற்பரப்பைச் சுத்தம் செய்து, நுண்ணிய வைரத் துரப்பணத்தால் முனையிலிருந்து கழுத்து வரை ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கிடைக்கோடுகளாகச் சுரண்டுகிறார். ஒவ்வொரு கோட்டின் தூளும் ஒரு மாதிரி. புதைந்திருந்த காலத்தில் ஒட்டிய கார்பனேட்டை நீக்க நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கழுவி, பிறகு பாஸ்பாரிக் அமிலத்தோடு வினைபுரியவிட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அந்த வாயுவில் ஒரே தனிமத்தின் கனமான அணுவும் இலேசான அணுவும், அதாவது அதன் ஐசோடோப்புகள், எந்த விகிதத்தில் உள்ளன என்பதை நிறை நிரல்மானி அளக்கிறது. அளப்பது மிகச் சிறிய வேறுபாடு என்பதால், ஒரு பொதுத்தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு இத்தனை கூடுதல் அல்லது குறைவு என்று குறிக்கிறார்கள். இக்கட்டுரையில் வரும் கூட்டல் கழித்தல் எண்கள் எல்லாம் அந்த 'ஆயிரத்துக்கு' அளவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. பற்சிப்பி ஒரே நாளில் இறுகுவதில்லை. முதலில் மென்மையாகப் படிந்து, பிறகு மாதக் கணக்கில் கனிமம் ஏறி முதிர்கிறது. ஆகவே ஒரு கோட்டுத் தூளில் ஒரு வாரத்தின் தீவனம் இருக்காது. அக்கம்பக்கத்து மாதங்களும் கலந்திருக்கும். உண்மையான ஏற்ற இறக்கம் பல்லில் தணிந்தே பதிகிறது. 2002இல் பாஸி, செர்லிங் என்ற ஆய்வாளர்கள் இந்தத் தணிவைக் கணித அளவில் விளக்கினார்கள். பல்லில் தெரியும் அலை சிறியது என்பதால் வாழ்க்கையில் இருந்த மாற்றமும் சிறியது என்று முடிவுகட்டக் கூடாது.

3. எந்தத் தனிமம் எதைச் சொல்கிறது

3.1 கார்பன்: தின்றது என்ன

தாவரங்கள் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் வழியில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒளிச்சேர்க்கையில் முதலில் உருவாகும் சேர்மத்தில் மூன்று கார்பன் அணுக்கள் இருந்தால் சி3, நான்கு இருந்தால் சி4. நெல், கோதுமை, வாற்கோதுமை, பயறு வகைகள், மரங்கள், செடிகொடிகள் பெரும்பாலும் சி3. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு, கரும்பு, வெப்பநாட்டுப் புற்களில் மிகப் பல சி4. சி3 தாவரங்கள் கனமான கார்பன்-13ஐ வெகுவாக ஒதுக்குகின்றன. அவற்றின் சராசரி −27. சி4 தாவரங்களின் சராசரி −12. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு அகலமான இடைவெளி இருப்பது ஆய்வாளருக்கு வாய்த்த பெரும் வசதி. அசைபோடும் பெரிய விலங்குகளில் உணவுக்கும் பற்சிப்பிக்கும் நடுவே ஏறத்தாழ 14 கூடுகிறது. ஆகவே தழை மட்டும் தின்ற விலங்கின் பல் −13 அளவிலும், சி4 மட்டும் தின்றது +2 அளவிலும் நிற்கும்.

தொழிற்புரட்சிக்குப் பின் நிலக்கரி, எண்ணெய் எரிந்த புகையால் காற்றின் கார்பன்-13 குறைந்துவிட்டது. இன்றைய ஆட்டின் பல்லை நாலாயிரம் ஆண்டுப் பழைய பல்லோடு ஒப்பிடும்போது இந்தத் திருத்தத்தைச் செய்தாக வேண்டும்.

3.2 ஆக்சிஜன்: எந்தப் பருவத்தில்

விலங்கு குடித்த நீரின் ஆக்சிஜன்-18 அளவு பல்லில் பதிகிறது. ஐரோப்பா போன்ற குளிர்நாடுகளில் கோடை மழையில் ஆக்சிஜன்-18 கூடும், குளிர்கால மழையில் குறையும். ஆகவே பல்லில் ஓடும் அலை நாட்காட்டியாகவே அமைகிறது. கார்பன் அளவுகளை அதன்மேல் பொருத்தினால் எந்தப் பருவத்தில் எதைத் தின்றது என்று சொல்லிவிடலாம்.

பருவமழை நாடுகளில் இது அவ்வளவு எளிதன்று. இங்கே வெப்பத்தைவிட மழையின் கனமே முக்கியம்: மழை கொட்டினால் ஆக்சிஜன்-18 குறையும். கோடையில் வற்றும் குளத்து நீரில் இலேசான ஆக்சிஜன் ஆவியாகிப் போக, கனமானது தங்கிவிடும். கிணற்று நீரோ ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இறைத்த நீரைத் தொட்டியில் குடித்த மாட்டின் பல்லில் பருவமே தெரியாமல் போகலாம். வெள்ளாடு நீரின் ஒரு பகுதியை இலைகளிலிருந்தே பெறுவதால் அதன் கணக்கு வேறு.

3.3 ஸ்ட்ரான்ஷியம்: எந்த மண்ணில்

ருபிடியம்-87 மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகிறது. பாதி சிதைய ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். ருபிடியம் மிகுந்த பழைய பாறைகளில் ஸ்ட்ரான்ஷியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் கூடுதல், இளைய பசால்ட் பாறைகளில் குறைவு. கடல்நீரில் அது 0.7092. பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து கால்சியத்தின் இடத்தைப் பிடித்துப் பல்லுக்கும் போகும் வழியில் இந்த விகிதம் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. பல் உருவானபோது மேய்ந்த மண்ணின் அடையாளம் பல்லிலேயே தங்கிவிடுகிறது.

3.4 நைட்ரஜன்

பல்லின் உட்பகுதியான டென்டைனிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தில் நைட்ரஜனை அளக்கிறார்கள். பால் குடிக்கும் கன்று தாயைவிட உணவுச் சங்கிலியில் ஒரு படி மேலே இருப்பதால் அதன் நைட்ரஜன்-15 கூடுதல். பால் மறக்க மறக்கக் குறையும். பாரிஸின் பெர்சி பகுதியில் கிடைத்த புதிய கற்கால மாட்டுப் பற்களை மாரி பலாஸ், ஆன் திரெசே இருவரும் இவ்வழியில் ஆராய்ந்து, கன்றுகள் இயல்பான காலத்துக்கு முன்பே பால் மறந்திருப்பதை 2002இல் காட்டினார்கள். கன்றுக்குரிய பாலில் மனிதர் பங்கு கேட்டதன் தடயம் அது. கன்றை ஊட்டவிட்டு மடி சுரந்ததும் இழுத்துக் கட்டும் வழக்கத்தையும், கன்று இறந்தால் தோல்கன்று காட்டிக் கறக்கும் வழக்கத்தையும் அறிந்த நமக்கு அந்தப் போட்டி புதிதல்ல. ஆனால் வெப்ப நாட்டு மண்ணில் கொலாஜன் விரைவில் அழிந்துவிடுகிறது. ஆகவே இந்தியத் தொல்லிடங்களில் பற்சிப்பியின் கனிமப் பகுதியை நம்பித்தான் பெரும்பாலும் வேலை நடக்கிறது.

4. முறை தன்னை நிறுவிக்கொண்ட இடம்

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் நார்த் ரொனால்ட்சே என்ற சிறு தீவு உண்டு. 1832இல் கட்டிய கல்மதில் ஒன்று அதன் கரையையும் உள்நிலத்தையும் பிரிக்கிறது. செம்மறிகள் மதிலுக்கு வெளியே கரையில் நின்று கடற்பாசி தின்று வாழ்கின்றன. குட்டி ஈனும் காலத்தில் மட்டும் பெண் ஆடுகளை உள்ளே புல்வெளிக்கு ஓட்டுகிறார்கள். பலாஸ் குழுவினர் முதலில் இந்த உயிருள்ள மந்தையின் பற்களை அளந்து, கடற்பாசி தின்றால் பல் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டார்கள். பிறகு அதே தீவுக்கூட்டத்தில் ஹோம் ஆஃப் பாப்பா வெஸ்ட்ரே நார்த் என்ற புதிய கற்காலக் கல்லறையில் கிடைத்த, கி.மு. 3000 அளவைச் சேர்ந்த செம்மறிப் பற்களை அளந்தார்கள். ஆக்சிஜன்-18 குறையும் இடங்களில், அதாவது குளிர்காலத்தில், கார்பன்-13 உயர்ந்தது. புல் அருகிய மாதங்களில் அந்த ஆடுகள் கரைக்கு இறங்கிக் கடற்பாசி தின்றிருக்கின்றன.

இந்த ஆய்வை நான் இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆர்க்னியில் இயற்கையான சி4 தாவரம் மேய்ச்சலில் பொருட்படுத்தும் அளவில் இல்லை. ஆகவே உயர்ந்த கார்பன்-13க்கு ஒரே விளக்கம்தான் மிஞ்சியது. அதே எண் குஜராத்தில் கிடைத்தால் அதற்குக் கடற்பாசி விளக்கமாகாது. அங்கே அது கம்பந்தட்டையாகவோ காட்டுப் புல்லாகவோ இருக்கும். எண்ணுக்குத் தனியே பொருள் கிடையாது. நிலத்தை அறிந்தபின்தான் அது பேசும்.

5. பகஸ்ரா

கட்ச் வளைகுடாவின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் பகஸ்ராவை (கோலா தோரோ என்றும் அழைப்பார்கள்) பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் 1996 முதல் 2005 வரை அகழ்ந்தது. மதில் சூழ்ந்த சிறிய ஊர். சங்கு வளையல் அறுத்த பட்டறைகள், மணி செய்த தடயங்கள், முத்திரைகள் கிடைத்தன. இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு கைத்தொழில் என்றால், அதற்கு இறைச்சியும் பாலும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி இயல்பாக எழும். பிராட் சேஸ், டேவிட் மெய்க்ஸ், பி. அஜித்பிரசாத், பிலிப் ஸ்லேட்டர் ஆகியோர் பற்களின் கார்பன், ஆக்சிஜன், ஸ்ட்ரான்ஷியம் மூன்றையும் அளந்து 2014இல் வெளியிட்டார்கள்.

மாடு, எருமைகளின் பற்கள் ஆண்டு முழுதும் சி4 பக்கமே நின்றன. வெள்ளாடு, செம்மறிகளின் பற்களில் கலவை அதிகம். ஒன்றுக்கொன்று வேறுபாடும் அதிகம். வேலம், வன்னி, இலந்தைத் தழையைக் கடிக்கும் ஆட்டுக்கு இது பொருந்தும்.

மாட்டுப் பல்லின் அந்த மாறாத கோடுதான் வாதத்தின் மையம். மழைக்காலத்தில் சௌராஷ்டிரத்தின் காட்டுப் புல் சி4 என்பதில் ஐயமில்லை. ஆனால் தை, மாசிக்குப் பிறகு அந்தப் புல் காய்ந்து தேய்ந்துவிடும். மேய்ச்சலை மட்டும் நம்பிய மாடு அப்போது புதரையும் தழையையும் நாட வேண்டியிருக்கும், பல்லில் சி3 பக்கமாக ஒரு சரிவு தெரிய வேண்டும். அந்தச் சரிவு இல்லையென்றால் யாரோ ஒருவர் கோடையில் சி4 தீவனத்தைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். அது அறுவடைக்குப் பின் மிஞ்சிய சிறுதானியத் தாளாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. சௌராஷ்டிரத்தின் ரோஜ்டியில் ஸ்டீவன் வெபர் ஆராய்ந்த கரிந்த தானியங்கள் அந்நாட்டு வேளாண்மையில் சிறுதானியத்துக்கு இருந்த இடத்தை முன்பே காட்டியிருந்தன. அங்கே அறுத்த தாள் வீணாகவில்லை.

ஆக, மாடு கழனியோடு கட்டப்பட்டிருந்தது. தட்டை இல்லாமல் மாடு இல்லை, மாட்டின் உழைப்பும் எருவும் இல்லாமல் தட்டை இல்லை. உழவர், இடையர் என்ற பிரிவு இருந்திருந்தால்கூட அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவே ஓடிய கோடாக இருந்திருக்கலாம். ஒரே வீட்டுக்குள்ளே கூட அந்தக் கோடு ஓடியிருக்கலாம்.

ஸ்ட்ரான்ஷியம் பக்கம் வேலை இன்னும் கடினம். சௌராஷ்டிரத்தின் நடுப்பகுதி தக்காணப் பசால்ட்; கட்ச் பெரும்பாலும் படிவுப் பாறை; வடகிழக்கே ஆரவல்லியின் தொன்மையான பாறைகள். வரைபடத்தில் தெளிவாகத் தெரியும் இந்தப் பிரிவு புல்லில் அப்படியே தெரிவதில்லை. காற்று கொண்டுவரும் தூசும் கடலோர உப்புத்துளியும் மேல்மண்ணில் கலந்து பாறையின் அடையாளத்தை மங்கச் செய்கின்றன. இதற்குச் சேஸ் குழுவினர் கண்ட வழி மெச்சத்தக்கது. இப்போது அந்நிலத்தில் மேயும் கால்நடைகளின் சாணத்தையும் புழுக்கையையும் ஊர் ஊராகத் திரட்டி அளந்து, 2018இல் ஓர் ஒப்பீட்டுத் தரவை உருவாக்கினார்கள். ஒரு பாறைத் துண்டை அளந்தால் அந்தப் பாறையின் விகிதம் கிடைக்கும். ஒரு புழுக்கையை அளந்தால் ஆடு ஒருநாள் முழுக்க நடந்து மேய்ந்த பரப்பின் சராசரி கிடைக்கும். நமக்கு வேண்டியதும் அதுவே.

6. கோட்டடா பட்லி: பல்லோடு பானையும்

கட்ச்சில் உள்ள கோட்டடா பட்லி ஒரு சிற்றூர். காலம் ஏறத்தாழ கி.மு. 2300 முதல் 1950 வரை. இங்கே கல்யாண் சேகர் சக்ரவர்த்தியும் உடனாய்வாளர்களும் பானை ஓட்டில் ஊறிய கொழுப்பை அளந்து, தெற்காசியாவில் பால் பதப்படுத்தியதற்கான மிகப் பழைய நேரடிச் சான்று என்று 2020இல் வெளியிட்டார்கள்.

முறை இது. கொழுப்பில் 16 கார்பன் உள்ள அமிலமும் 18 கார்பன் உள்ள அமிலமும் இருக்கின்றன. மடிச்சுரப்பி முதலாவதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இரண்டாவதை உண்டாக்க அதனால் முடியாது. ஆகவே தீவனத்தின் கொழுப்பிலிருந்து இரைப்பையில் மாறி வரும் 18 கார்பன் அமிலம் பாலில் நேரே சேர்கிறது. அதில் கார்பன்-13 குறைவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு −3.1க்கும் கீழே போனால் அது பாற்கொழுப்பு என்று கொள்கிறார்கள். ரிச்சர்ட் எவர்ஷெட் வழிவந்த இம்முறை 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

அதே ஊரின் பற்கள் மாடு, எருமைகள் சிறுதானியத் தீவனத்திலும், ஆடுகள் புல், தழையிலும் வளர்ந்ததைக் காட்டின. மாடு, எருமைகள் முதிர்ந்த வயது வரை வைத்திருக்கப்பட்டன. ஆடுகள் இளமையிலேயே அறுக்கப்பட்டன. பானை, பல், இறந்த வயது என்ற மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒரே திசையைக் காட்டுவதால் பகஸ்ராவைவிட இந்த ஊரின் சித்திரம் எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. பாலுக்கும் உழவுக்கும் மாடும் எருமையும், இறைச்சிக்கு ஆடு என்ற ஏற்பாடு அது.

7. ஐயங்கள்

காட்டுச் சி4 புல்லும் விதைத்த சி4 தானியத்தின் தாளும் பல்லில் ஒரே எண்ணைத்தான் தரும். பகஸ்ராவில் தீவனம் போட்டார்கள் என்ற முடிவு, சரிவு இல்லாததைக் கொண்டு எட்டியது. முன்சொன்ன கனிம முதிர்வின் தணிவையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாதம் மட்டும் நீடித்த தழைத் தீவனம் கோட்டிலேயே தெரியாமல் போயிருக்கலாம். கோடை முழுவதும் தழை தின்றிருந்தால் மறைந்திருக்காது என்பதால் முடிவின் பெரும்பகுதி நிற்கிறது.

உலர்ந்த புல்லை வெட்டிப் போராக அடுக்கிவைத்திருந்தால்? அதுவும் சி4தான். தானியத் தாளா, காட்டு வைக்கோலா என்பதைக் கார்பன் சொல்லாது. கரிந்த விதைகளையும் சாணத்தில் தங்கும் தாவரச் சிலிக்காத் துகள்களையும் கொண்டுதான் இதைத் தீர்க்க முடியும். இரண்டாயினும் மனிதக் கை இடையில் வந்துவிட்டது என்பது மட்டும் தெளிவு.

பானைக் கொழுப்பிலும் சிக்கல் உண்டு. சி4 தின்ற மாட்டின் கொழுப்பும் சி3 தின்ற விலங்கின் அல்லது தாவரத்தின் கொழுப்பும் ஒரே பானையில் வெந்தால், வேறுபாட்டெண் போலியாக நகரக்கூடும். வடமேற்கு இந்தியாவின் அரப்பா ஊர்களில் அக்ஷயேதா சூர்யநாராயண் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கவனமாக எழுப்பியது. அங்கே பாற்கொழுப்பின் தடயம் அரிதாகவே இருந்தது. குஜராத்தின் விடையைச் சிந்துவெளி முழுமைக்கும் விரிப்பது தவறு என்பதற்கு இது போதும். கோதுமையும் வாற்கோதுமையும் விளைந்த பஞ்சாபின் மாடு வேறு தீவனம் தின்றிருக்கலாம்.

8. தெற்கே: சாம்பல் மேடுகள்

கருநாடகம், தெலங்கானா, ஆந்திரம் சந்திக்கும் வறண்ட நிலத்தில் மலைமலையாய்க் குவிந்த சாணத்தை எரித்ததால் உண்டான சாம்பல் மேடுகள் இருக்கின்றன. உட்னூரை அகழ்ந்த ரேமண்ட் ஆல்சின் மாட்டுக் குளம்படிகள் பதிந்த தளத்தையே கண்டெடுத்தார். 1963இல் தம் நூலில் இவற்றைப் புதிய கற்கால மாட்டுப்பட்டிகள் என்று நிறுவினார். புதிஹாளில் கே. பத்தய்யா செய்த அகழாய்வு பட்டியோடு குடியிருப்பையும் இறைச்சி வெட்டிய தளத்தையும் வெளிக்கொணர்ந்தது. பருவத்தில் மட்டும் கூடிய தங்கலா, ஆண்டு முழுதும் வாழ்ந்த ஊரா என்ற வாதம் இன்றும் முடியவில்லை. குஜராத்தில் கேட்ட அதே கேள்வி இது.

இந்த நிலம் ஐசோடோப்பு ஆய்வுக்குக் குஜராத்தைவிடத் தோதானது என்பேன். மேடுகள் பல 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தார்வார் கருங்கல் நிலத்தில் நிற்கின்றன. வடக்கே சற்றுத் தொலைவில் தக்காணப் பசால்ட் தொடங்குகிறது. ஸ்ட்ரான்ஷியம் விகிதத்தில் இரண்டுக்கும் இடைவெளி பெரிது. மந்தை கோடையில் வடக்கே ஓட்டப்பட்டிருந்தால் பல்லின் ஒரு பகுதியில் அது தெரிந்துவிடும். தீவனத்திலும் வாய்ப்பு உண்டு. தென்னகப் புதிய கற்காலத்தார் சிறுதானியத்தோடு கொள்ளும் பாசிப்பயறும் விளைத்தார்கள் என்று டோரியன் ஃபுல்லரின் தாவர ஆய்வு காட்டியது. சிறுதானியத் தாள் சி4, கொள்ளுக்கொடி சி3. கோடையில் கொள்ளுக்கொடி போட்டு வளர்த்த மாட்டின் கோடு அந்த மாதங்களில் சி3 பக்கம் சரியும். தழை தின்றாலும் அப்படித்தான் சரியும் என்பதால் விதைச் சான்றையும் உடன் வைத்தே படிக்க வேண்டும்.

இதற்கு முதல் தேவை நிரல்மானி அன்று, ஒப்பீட்டுத் தரவு. ராய்ச்சூரிலிருந்து பெல்லாரி வழியாகத் தெற்கே வருகிற கிடைகளில் இப்போது கிடக்கும் சாணத்தையும் புழுக்கையையும், எந்த மாதம், எந்தப் பாறை நிலம், என்ன மேய்ச்சல் என்ற குறிப்போடு சேர்க்க வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து காவிரிப்படுகைக்குக் கிடை ஓட்டிச் செல்லும் கீதாரிகளின் வழித்தடமும் இதே வகையில் அளக்கத் தக்கது: எங்கிருந்து எங்கே, எப்போது நடந்தது என்று தெரிந்த மந்தையின் பல்லில் அந்த நடை எப்படிப் பதிகிறது என்பதைச் சோதிக்க அதைவிட நல்ல மந்தை கிடைக்காது. ஆர்க்னியின் கரையோரச் செம்மறிகள் செய்த வேலையை இவை இங்கே செய்யும். கடையில் வாங்கும் மூட்டைத் தீவனமும் வெளிமாநிலத்து மக்காச்சோளமும் தொட்டியில் விழத் தொடங்கிய மந்தையில் உள்ளூர் மண்ணின் அடையாளம் கலங்கிவிடுகிறது. ஆகவே மேய்ச்சலை மட்டும் நம்பியிருக்கும் கிடைகளிலிருந்து, மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையுமாக, இந்தச் சேகரிப்பைத் தொடங்கிவிட வேண்டும்.